காயாத குண்டுகள்

ஓபல் கௌடில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மடியில் கைக்குட்டை முடிச்சு ஒன்று. விரல் நுனிகள் பழுப்பேறியிருந்தன, ஓயாமல் பீடி பிடிப்பவளைப் போல.

"சிரிக்காம கேளு, டெல்ஃபியா."

டெல்ஃபியா ராட்லிஃப் ஷெரீஃப் அலுவலகத்தின் விசாரணை அதிகாரி. அதற்கு முன் நிலக்கரிச் சுரங்கத்தில் உடம்பு தேய்ந்தவள். அவளுக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது. பக்கத்தில் நின்ற துணை அதிகாரி வேட் மல்லின்ஸ் கழுத்தை நீட்டினான்.

முடிச்சுக்குள் கையால் வார்த்த ஈயத் துப்பாக்கிக் குண்டு ஒன்று இருந்தது. மேலே தேன் நிறப் பூச்சு. துணியைப் பிரித்தபோது அது நூல் நூலாக இழுபட்டது.

"என் புருஷன் வெர்லின் செத்து ஆறு வாரம் ஆச்சு. அவன் கடைசியா பூசி நிக்க வச்சது இது. இன்னும் காயல. அவன் பூசினா மறுநாள் காலையில காஞ்சு கிடக்கும், கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கறேன். இப்ப எந்த நாள் போய்த் தொட்டாலும் ஈரம். ஒண்ணைத் துணியால தொடச்சு வச்சேன். மறுநாள் அதுவும் பிசுபிசுங்குது." குரல் தாழ்ந்தது. "அவன் வந்து மறுபடி பூசறான், டெல்ஃபியா."

வேட் சிலுவைக் குறி போட்டுக்கொள்ளாத குறைதான்.

"வெள்ளிக்கிழமை அவன் தம்பி ராய்ஸ் என்னை ஜட்ஜ் முன்னாடி நிறுத்தறான். எனக்குப் புத்தி பெரண்டுபோச்சாம். என்னை ஆஸ்பத்திரியில அடைச்சுட்டா, வீடும் மலைமேல இருக்கற ஓக் காடும் அவன் கைக்குப் போயிடும். நீ வந்து பாரு. நெசமாவே எனக்குப் பைத்தியம்னா நானே பெட்டியக் கட்டிக்கிறேன்."

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது வேட் வழக்கை ஒப்பித்தான். மான் வேட்டைப் பருவம். ஓபல் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரக்கடைசி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெர்லின் மலைச்சரிவில் கிடந்தான், அவனுடைய துப்பாக்கியாலேயே நெஞ்சில் சூடு. ஞாயிறு காலையில் தடுக்கி விழுந்திருப்பான் என்று முடிவெழுதினார்கள். உடம்பு குளிரில் உறைந்துபோய்க் கிடந்ததால் எப்போது செத்தான் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமைதான்னு யாரு சொன்னது?"

"தம்பி ராய்ஸ்தான் மேடம். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் நிலவறையில குண்டுக்குப் பூச்சு போட்டுட்டிருந்ததப் பாத்தேன்னான். அங்கேருந்து நேரா மரமில்லுக்குப் போயிட்டான். ராத்திரி ஷிப்ட், அப்புறம் சர்ச்சு, அங்கேயே சாப்பாடு. பொழுதுக்கும் அவனைச் சுத்தி ஆள்."

"வெர்லின் சனிக்கிழமை சாயங்காலம் உசிரோட இருந்திருந்தா ராய்ஸ் மேல சந்தேகமே வராது. அப்படித்தானே?"

"அப்படித்தான் மேடம்." அடுத்த வளைவு தாண்டியதும், "ஆனா பேய் விஷயம்?" என்றான்.

டெல்ஃபியா ஓபல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

நிலவறைப் படியில் கால் வைத்ததும் வாடை முகத்தில் அடித்தது. குண்டுப் பூச்சின் வாடை, கார் அடியில் பூசும் துருத்தடுப்பு மெழுகைப் போல. வெர்லின் போனபின் அங்கே விறகடுப்பு எரியவில்லை, ஆனாலும் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. மேசைமேல் மெழுகுத்தாள். அதில் குண்டுகள் வரிசை வரிசையாக, மூக்கு மேலே பார்த்து நின்றன. ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் எல்லாம் ஈரமாக மின்னின. ஒவ்வொன்றின் காலடியிலும் பழுப்புக் குளம். வேட் ஒன்றைத் தொட்டான். கையைச் சடாரென்று இழுத்துக்கொண்டான். ஏதோ அவன் விரலைப் பிடித்திழுத்ததுபோல இருந்ததாம்.

"ராய்ஸ் இங்க வருவானா, ஓபல்?"

"சாவுக்கப்புறம் இந்தப் படியே எறங்கல. அதையெல்லாம் தூக்கி ஆத்துல போடுங்க அண்ணின்னு தினமும் ஒரே அரிப்பு. அவன் கை கடைசியா பட்ட பொருள், எப்படிப் போடுவேன்?"

டெல்ஃபியா மேசையைச் சுற்றி வந்தாள். குண்டுகளைப் பூச்சோடு சேர்த்துக் குலுக்கும் பழைய வெண்ணெய் டப்பா. கவிழ்ந்துகிடந்த பூச்சு பாட்டில், சொட்டு மிச்சமில்லை. திறந்துகிடந்த சிவப்புக் காபி டின், காலி. பலகையில் தின்னர் கேன், மூடியில் தூசி படிந்து கிடந்தது. மேசைக்கடியில் பன்றிக்கொழுப்பு வாங்கிய பழைய வாளி. அதை இழுத்துப் பார்த்தாள். பூச்சே படாத சாம்பல் நிறக் குண்டுகள் விளிம்புவரை நிறைந்திருந்தன.

வாளியைப் பார்த்தாள். காலி டின்னைப் பார்த்தாள்.

"ராய்ஸக் கூப்பிடு. அடுப்பங்கரையில உக்காந்து பேசுவோம்."

ராய்ஸ் மரத்தூள் உதிரும் ஜாக்கெட்டோடு வந்தான். ஓபல் சோளரொட்டியும் பீன்ஸும் வைத்தாள். அவன் தொடவில்லை.

"அண்ணி உங்களயும் பேய் பாக்கக் கூட்டியாந்துட்டாங்களா?" என்று சிரித்தான்.

"ஆமா. பேயக் கடைசியா உசிரோட பாத்தது நீதான். என்ன பாத்த, சொல்லு."

"எத்தன தடவ சொல்றது? படிமேல நின்னேன். அவன் டப்பாவக் குலுக்கினான், தாள்ல அடுக்கினான். சரிண்ணே போயிட்டு வர்றேன்னு கெளம்பிட்டேன்."

"குண்ட எதுலேருந்து எடுத்தான்?"

"செவப்பு டின்லேருந்து."

"மேசைக்கடியில இருக்கற வாளியிலேருந்து இல்லையே?"

"டின்தாங்க. என் கண்ணால பாத்தேன்."

டெல்ஃபியா ஓபல் பக்கம் திரும்பினாள். "செவப்பு டின்ல என்ன வச்சிருப்பான்?"

ஓபலின் கை அந்தரத்தில் நின்றது. "முடிச்சத. பூச்சு போட்டு, காய வச்சு, அளவு பாத்து... எல்லாம் முடிஞ்சதத்தான் அதுல போடுவான். வார்த்தது வாளியில கெடக்கும்."

"ராய்ஸ், நீ கடைத்தோட்டா வாங்கிச் சுடறவன்தானே?"

"அதுக்கென்ன இப்ப?"

"இந்தப் பூச்சு எதுக்குன்னு உனக்குத் தெரியும், குழல்ல ஈயம் ஒட்டாம இருக்கறதுக்கு. அண்ணன் டப்பாவக் குலுக்கறதயும் பாத்திருக்க. ஆனா நாலு சொட்டு போதும்னு தெரியாது. வெர்லின் தின்னர் கலந்து ஆடை மாதிரிப் பூசி, அடுப்புப் பக்கத்துல காய வைக்கறவன். அன்னிக்கு யாரும் தின்னரத் தொடவே இல்ல. மொத்த பாட்டிலயும் கொட்டியிருக்காங்க. இவ்வளவு கெட்டியாப் பூசி இந்தக் குளிர்ல வச்சா ஆறு வாரம் இல்ல, கோடை வந்தாலும் காயாது. தொடச்சாலும் பிசுக்கு போகாது."

வேட் மெதுவாக மூச்சு விட்டான். "அப்ப யாரும் மறுபடி பூசல..."

"யாரும் பூசல. இப்ப இதப் பாருங்க." டெல்ஃபியா கீழேயிருந்து தின்னர் கேனோடு கொண்டுவந்திருந்த ஒரு குண்டை எடுத்துத் தின்னரில் நனைத்த துணியால் சும்மா ஒரு இழுப்பு இழுத்தாள். கெட்டிப் பழுப்பு வழித்துக்கொண்டு வந்தது. அடியில் மெல்லிய பொன்னிறப் பூச்சு. நகத்தால் தட்டினாள். உலர்ந்த சத்தம்.

"ஏற்கெனவே பூசிக் காஞ்ச குண்டு. பூசாதது வாளி நிறையக் கெடக்கும்போது, முடிச்ச வேலைய வெர்லின் எதுக்கு மறுபடி செய்யணும்? மேசையில கைக்கெட்டின டின்ன எடுத்த ஆளுக்கு எது முடிஞ்சது எது முடியாததுன்னு தெரியல. அது வெர்லின் இல்ல. அவன் அந்த நேரத்துல மலைமேல செத்துக் கெடந்தான். சனிக்கிழமை காலையிலேருந்தே கெடந்திருப்பான். ஆனா அவன் பூசினத கண்ணால பாத்தேன்கற. டின் நெறம் கூடச் சொல்ற. பூசினவனுக்குத்தான் அது தெரியும்."

ராய்ஸின் பார்வை நிலவறைக் கதவுக்குப் போனது.

"ஓக்கு மரத்த வெட்ட விட மாட்டேன்னுட்டான்," என்றான்.  பிறகு கேட்டான்: "அது காயாததுக்கு நெசமாவே அதுதான் காரணமா? நான் ரெண்டு நாள் கழிச்சு அண்ணிக்குத் தெரியாம வந்து தொட்டுப் பாத்தேங்க. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல."

வேட் அவனை எழுப்பி வெளியே கூட்டிப்போனான். தட்டில் சோளரொட்டி அப்படியே இருந்தது.

ஓபல் மெழுகுத்தாளை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். தின்னர் கேனின் மூடியைத் திருகினாள். ஒவ்வொரு குண்டாகத் துடைத்து அடுக்கினாள். டெல்ஃபியாவும் ஒரு துணியை எடுத்துக்கொண்டாள். 

முதல் வரிசை முடிந்ததும் ஓபல் ஒரு குண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"அவன் முடிச்சு வச்சுட்டுத்தான் போயிருக்கான்," என்றாள்.

சிவப்பு டின்னை எடுத்துவர எழுந்தாள்.