முதலாளியம்மா, கேக்குதா?

ஏரிக்கரைச் சாலை பனியில் புதைந்து கிடந்தது. கூட்டாளி கோல்பியின் பெரிய வண்டி முன்னால் தடம் போட்டுக்கொண்டு போக, சென்யா தன் சின்னக் காரை அந்தத் தடத்திலேயே உருட்டி, அப்பா காலத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நேரம் மதியம்தான். ஆனால் வடக்கு மிச்சிகனில் டிசம்பர் மாதத்து மதியம், யாரோ விளக்குத் திரியை இறக்கி வைத்த மாதிரிதான் இருக்கும்.

தம்பி ஆர்வோ போன குளிர்காலத்தில் இறந்தான். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவே இல்லை.

வண்டியைவிட்டு இறங்கியதும் மூக்கில் ஏறியது வாசனை. பூர்ச்ச மரத்து விறகு எரிகிற புகை.

கோல்பியும் மோந்து பார்த்தான். "பக்கத்து வீட்ல அடுப்பு மூட்டியிருக்காங்க போல."

"பக்கத்து வீட்ல யார் இருக்கா? அவங்க பனி விழுமுன்னாடியே ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிட்டாங்க."

கோல்பி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஏரி ஓரத்தில் இருந்த சவுனாக் குடிசைக்கு வழி வெட்டப் போனான். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஆவிக்குளியல் குடிசை அது. வெளியறையில் உடுப்பு மாற்றிக்கொள்வார்கள். உள்ளறையில் அடுப்பும் பலகைப் படியும் இருக்கும். நடுவில் ஒரே ஒரு கதவு.

அந்தக் குடிசையில்தான் அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்தார்கள். பேர், 'கடைசிக் கங்கு'. பனிப்புயலில் மாட்டிக்கொண்ட ஒருவன், விடியும்வரை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். படம் வரைந்தது சென்யா, கணினி வேலை கோல்பி. சத்தமெல்லாம் ஆர்வோ. விறகு வெடிப்பது, சுடுகல்லில் தண்ணீர் சீறுவது, மரச்சுவர் குளிரில் முனகுவது என்று ஒவ்வொன்றையும் அந்த உள்ளறையில் உட்கார்ந்து, வியர்வை ஒழுக ஒழுகப் பதிவு பண்ணினான்.

அதற்கொரு முறை வைத்திருந்தார்கள். ஆர்வோ உள்ளே மைக்கோடு இருப்பான். சென்யா வெளியறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவாள். அவன் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "முதலாளியம்மா, கேக்குதா?" என்பான். வீட்டில் மூத்தவள் என்பதால் அவளுக்கு அவன் வைத்த கேலிப்பேர் அது. இவள் "கேக்குது" என்றால் வேலை தொடங்கும். முடிந்ததும் இவள்தான் "போதும், வெளிய வா" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவன் கதவைத் திறக்க மாட்டான். திறந்தால் ஏரிச் சத்தம் உள்ளே புகுந்து பதிவு அத்தனையும் பாழ். உள்ளே வெந்து பூசணிக்காய் ஆனாலும் சரி, அந்தச் சொல் வரும்வரை காத்திருப்பான். சொல்லாமல் திறந்தவர் தலையில் அன்றைய சமையல்.

ஆட்டம் இணையக் கடைக்கு வந்தது. கொஞ்சம் பேர் வாங்கினார்கள், மனசாரப் பாராட்டி எழுதினார்கள். பத்து நாள் மூன்று பேரும் தரையில் கால் பாவாமல் திரிந்தார்கள், கண்ணுகளா. அதற்குள் முதல் நகல் வந்துவிட்டது.

'கடைசிக் கங்கு 3டி'. அப்புறம் 'கங்கு ராஜா'. அப்புறம் 'பூனைக் கங்கு', அதில் அடுப்பு முன்னால் எவனோ ஒரு பூனைப் படத்தை ஒட்டியிருந்தான், வேறொன்றும் செய்யவில்லை. சென்யா வரைந்த சுவரில் இருந்த கீறல்கூட அப்படியே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஆயிரக்கணக்கில் பாராட்டு. எல்லாம் ஒரே வாக்கியம்: "அருமை. குடும்பத்தோடு விளையாடலாம்." எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம்.

சென்யா கடைக்குப் புகார் எழுதினாள். பதில் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி. ஆய்வு செய்ததில் விதிமீறல் எதுவும் காணப்படவில்லை." மறுபடி எழுதினாள். மறுபடி அதே நன்றி. ஃபோன் பண்ணினால் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சுவரில் முட்டிக்கொண்டால்கூட நெற்றியாவது வீங்கும், ஏதோ நடந்தது என்று தெரியும். இங்கே அதுவும் இல்லை.

இப்போது வந்திருப்பது எல்லாவற்றுக்கும் மேலே. 'கடைசிக் கங்கு'தான் மற்றவற்றின் நகல் என்று சொல்லி, கடை அதையே தூக்கிவிட்டது. இன்று மாலைக்குள் வெட்டாத மூலப்பதிவை ஆதாரமாக அனுப்பினால் பார்ப்பார்களாம். அனுப்பாவிட்டால் நிரந்தரமாக அழித்துவிடுவார்களாம். அந்தப் பதிவு, குடிசையில் விட்டுப்போன மடிக்கணினியில்தான் இருந்தது.

"அழிச்சாலும் பரவாயில்ல கோல்பி," என்றாள் சென்யா, பனியைத் தட்டிவிட்டுக் குடிசைக்குள் நுழைந்தபடி. "நம்ம ஆட்டம் போயி, அந்தத் திருட்டுப் பயலுங்க ஆட்டத்துல ஆர்வோ சத்தம் இருக்குமே. அதத்தான் தாங்க முடியல."

கோல்பி கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"கோவப்படாதன்னு ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும். சொல்லு."

"ஆட்டத்தைக் கடைக்கு அனுப்பும்போது, வேண்டாத சத்தத்தையெல்லாம் அழிக்காம ஒரு மூலையில குமிச்சு வெச்சிருந்தேன். எல்லாரும் செய்யற சோம்பேறித்தனம்தான், யார் பாக்கப் போறான்னு. அந்தத் திருடனுங்க குப்பையோட சேத்து அள்ளிட்டானுங்க. எது என்னன்னு கேட்டுக்கூடப் பாக்கல. கையில வந்ததைக் கண்ட இடத்துல ஒட்டிட்டானுங்க. இப்ப எந்த நகல்லயும் 'வாங்கு' பொத்தானை அமுக்கினா, ரெண்டு தட்டு. அப்புறம் ஆர்வோ பேசறான்."

"என்ன பேசறான்?" என்றாள் சென்யா.

"முதலாளியம்மா, கேக்குதா," என்றான் கோல்பி மெல்ல. "எல்லா நகல்லயும்."

அவள் மடிக்கணினியை மின்சாரத்தில் சொருகித் திறந்த வேகத்தில் மூடி கழன்றுவிடும் போலிருந்தது. மூலப்பதிவுகள் அதில் வரிசையாக இருந்தன. கடைசியில் இருந்தது, ஆட்டம் வெளிவந்த பிறகு கூடுதலாக எடுத்தது. அதைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

விறகு வெடித்தது. ஏரி தூரத்தில் எங்கோ உறுமியது. இரண்டு தட்டு.

"முதலாளியம்மா, கேக்குதா?"

பதில் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பெண் குரல் கத்துவது கேட்டது. "நகல் அவங்களோடதுங்க, எங்களோடது இல்ல! எத்தனை தடவை சொல்றது?" அவள் குரல்தான். அன்றைக்குக் கடைக்காரர்களோடு ஃபோனில் மல்லுக்கு நின்றவள், உள்ளே அவன் இருப்பதை மறந்தேபோனாள். நெடுநேரம் கழித்து ஓடிவந்து, தானே கதவைத் திறந்து, அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சிவந்த முகத்தோடு சிரித்தான். "சொல்லவே இல்லியே நீ. சமையல் உன்னோடதுதான்." அந்த வாரமே தூக்கத்தில் அவன் இதயம் நின்றது.

சொல்ல வேண்டிய சொல்லை அவள் சொல்லவே இல்லை.

பதிவு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

இரண்டு தட்டு.

கோல்பி மடிக்கணினியைப் பார்த்தான். பதிவு நின்றுதான் இருந்தது.

தட்டு வந்தது உள்ளறைக் கதவிலிருந்து.

பூர்ச்சப் புகை இப்போது கண்ணைக் கரிக்கிற அளவுக்கு இருந்தது. கதவின் இடுக்கில் சூடு கசிந்தது. ஒரு வருஷமாக அடுப்பு மூட்டாத அறை அது. கதவுப்பலகையில் உறைந்திருந்த பனிப்படலம் உருகி, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று தரையில் விழுந்தது.

"முதலாளியம்மா, கேக்குதா?"

"சென்யா," கோல்பி கிசுகிசுத்தான், "வா, போயிடலாம்."

அவள் போகவில்லை. பயந்தாள்தான். ஆனாலும் அவள் அக்கா இல்லையா? கதவருகே போய், ஈரப்பலகையில் உள்ளங்கையை வைத்தாள்.

"கேக்குது, ஆர்வோ. போதும். வெளிய வா."

தாழ்ப்பாள் தானாக எழும்பியது. கதவு திறந்ததும் கதகதப்பான ஆவி அவள் முகத்தில் மோதிக் கடந்து போனது. கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. தரைப்பலகையில் மட்டும் ஈரப்பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வெளிக்கதவைத் தாண்டி, பனியில் இறங்கி, நேரே ஏரியை நோக்கி ஓடின. குளித்து முடித்ததும் ஏரியில் குதிக்க அவன் அப்படித்தான் ஓடுவான்.

சென்யா உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே சாய்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். "சட்டை இல்லாமதான் போவான் எப்பவும். சனியன்."

கோல்பியும் மூக்கை உறிஞ்சினான். "சமையலாவது பண்ணிட்டுப் போயிருக்கலாம்."

ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. கோல்பியின் ஃபோன் இணைப்பில், மடிக்கணினியிலிருந்தே பதிவைக் கடைக்கு அனுப்பினாள். அனுப்பிக் கையை எடுக்குமுன் பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி. ஆய்வு நடைபெறுகிறது."

"கேட்டிருக்கவே மாட்டானுங்க," என்றாள்.

இரண்டு தட்டு.

இரண்டு பேரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதலாளியம்மா, கேக்குதா?"

அதே குரல். அதே கேலி. சென்யா தயங்கினாள். "இப்பத்தானே போன, ஆர்வோ?" என்றாள் சின்னக் குரலில். உள்ளே காத்திருக்கிற அமைதி. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. "சரி. வெளிய வா."

கதவு திறந்தது. பாதங்கள் வந்தன, பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இந்தமுறை ஆவியில் பூர்ச்ச வாசனை குறைவு. வேறேதோ கலந்திருந்தது, சூடேறிய பிளாஸ்டிக் வயர் மாதிரி. வெளியே போன தடம், ஏரிக்குப் போகாமல் பாதியில் நின்றது.

கோல்பி அந்தத் தடத்தையே பார்த்தான். "சென்யா, கடையில எத்தனை நகல் இருக்கு?"

அவள் வாயைத் திறக்குமுன் மறுபடி தட்டு. இரண்டு இல்லை, ஒன்றரை. இரண்டாவது தட்டு பாதியில் வெட்டுப்பட்டது.

"முதலாளிம்மா கேக்."

நகலைப் பார்த்து எடுத்த நகல். அதைப் பார்த்து எடுத்த இன்னொன்று. சோம்பேறிக் கை எடுக்க எடுக்க, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் உடைந்து. அத்தனையும் அந்தச் சின்ன அறைக்குள், ஒரு சொல்லுக்காக.

"சொல்லாத," என்றான் கோல்பி. "இனிமே சொல்லாத. அது அவன் இல்ல."

சென்யா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் ஆர்வோவின் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல், சொன்னது:

"அருமை. குடும்பத்தோடு விளையாடலாம். அருமை. கேக்குதா? குடும்பத்தோடு. கேக்குதா? அருமை."

பக்கத்தில் இன்னொன்று அதையே தொடங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. கதவு முழுக்கத் தட்டுகள், கூரையில் கல்மழை விழுகிற மாதிரி.

தாழ்ப்பாள் மெல்ல எழும்பியது.

அவள் சொல்லவில்லை, கண்ணுகளா. வாயைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. முறை தெரிந்தவன் ஏரிக்குப் போய்விட்டான். இவற்றுக்கு முறை தெரியாது. இவற்றுக்கு யாரும் காத்திருக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஓடினார்கள். மடிக்கணினி அங்கேயே கிடந்தது. சென்யா காரைக் கிளப்பித் திருப்பும்போது முன்விளக்கு பனியில் விழுந்தது. ஒரே ஒரு தடம் ஏரிக்குப் போயிருந்தது. ஒன்று பாதியில் நின்றிருந்தது. மற்றவையெல்லாம், அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே இடது கால், குடிசை வாசலிலிருந்து அவள் கார் கதவுவரை வந்திருந்தன.

பெரிய சாலை வந்ததும் முன்னால் போன கோல்பி தன் வண்டியை ஓரங்கட்டினான். அவளும் நிறுத்தினாள். பக்கத்து இருக்கையில் அவள் ஃபோன் ஒளிர்ந்தது. கடையிலிருந்து.

"மகிழ்ச்சியான செய்தி. பயனர்கள் அளித்த ஏராளமான நல்ல கருத்துகளை முன்னிட்டு, 'கடைசிக் கங்கு' மீண்டும் விற்பனைக்கு வந்துள்ளது."

அவள் கெஞ்சிக் கேட்டது அதுதான். அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

கருத்துகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் ஐந்து நட்சத்திரம். எழுதியவர் பேர் எல்லாவற்றிலும் ஆர்வோ. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே புதிதாக ஒன்று, அதன் மேலே இன்னொன்று. எல்லாம் ஒரே வாக்கியம்.

"அருமை, முதலாளியம்மா. வெளிய வந்துட்டோம்."

காரின் பின்கண்ணாடியில், உள்பக்கமாக, ஆவி படியத் தொடங்கியது.