ஊருக்கெல்லாம் ஒரே கை

கையுறையைக் கழற்றியதும் முப்பிடாதியின் விரல்கள் தாமாகவே மேசைமேல் ஓடத் தொடங்கின. காலை வரை தொடுபலகையைத் தொடவே பயந்த உப்பளக் கை அது. இப்போது எந்த விண்ணப்பத்தையும் கண்ணிமைப்பதற்குள் நிரப்பிவிடும்.

தூத்துக்குடியில் மூன்று தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து இதைச் செய்தன. ஒன்று கட்டடம் தந்தது, ஒன்று மதியச் சாப்பாடு போட்டது, மூன்றாவது 'பழக்கமாற்றி'யை வாங்கிக்கொடுத்தது. தேர்ந்த ஒருவரின் விரல்பழக்கத்தை நரம்பு வழியே இழுத்து, தெரியாதவர் கைக்குள் விடும் இயந்திரம் அது. ரேஷனோ மருத்துவமோ, தொடுபலகையில் கேட்டால்தான் கிடைக்கும் என்றாகிவிட்ட காலத்தில் இது பெரிய புண்ணியம்தான். ஆளுக்கொரு கொடையாளியைத் தேடினால் கட்டுபடியாகாது என்று மூவரும் பேசி ஒரே கையைத் தேர்ந்தெடுத்தார்கள். மாவட்டத்திலேயே வேகமான கை. இந்த விண்ணப்பங்களையெல்லாம் ஏற்பதும் தள்ளுவதுமான நலவாயில் அலுவலகத்தின் மேலாளர் ஞானதிரவியத்தின் கை.

முப்பிடாதிக்கு அந்தக் கையைத் தெரியும். போன கோடையில் அவள் கணவன் சுடலைக்கண்ணு உப்பளத்தில் வெயில் தாக்கி விழுந்தபோது, உயிர்வண்டி கேட்டு அவருடைய ஜன்னலுக்குத்தான் ஓடினாள்.

"சார், எங்க வீட்டுக்காரரு மயங்கிக் கெடக்காரு. வண்டிய வரச் சொல்லுங்க."

"பலகையில போடும்மா. வாயால சொன்னா ஏறாது."

"எனக்குப் போடத் தெரியாது சார். நீங்க போட்டுத் தாங்க, ஒங்க கால்ல விழுதேன்."

உள்ளே இருப்பவர் போட்டுக்கொடுக்க விதியில் தடையே இல்லை. ஆனால் அந்த ஆள் சுண்டுவிரலால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார். அவளுடைய டோக்கனுக்கு நேரே 'நிராகரி'யை அழுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். சுடலைக்கண்ணு அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தான்.

இப்போது அதே மனிதர் எதிர் நாற்காலியில், கம்பி கோத்த கையுறையோடு, படம் எடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

"இப்படி இழுத்துக்கிட்டே இருந்தா அவருக்குக் கொறஞ்சிராதா?" என்று இயந்திரத்தை ஓட்டும் பெண்ணிடம் கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் ஒரு துளி தேயும்க்கா. பல்லாயிரம் பேரு வந்தாத்தான் தெரியும். அவ்வளவு பேரு எங்க வரப் போறாவ?"

முப்பிடாதி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் உப்பளம் உப்பளமாக, தெருத்தெருவாக நடந்தாள். மீன் ஏலக்கூடம், தீப்பெட்டி ஆலை, துறைமுகத்துச் சுமைக்கூலிகள், ஒருவரையும் விடவில்லை. "சும்மா சொல்லித் தாராவ, சாப்பாடும் உண்டு, வாங்க" என்று இழுத்து வந்தாள். ஒவ்வொருவரும் கையுறை மாட்டும்போது ஞானதிரவியத்தின் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தேயட்டும். நன்றாகத் தேயட்டும். மூன்று நிறுவனங்களும் அவளுடைய சேவையைப் பாராட்டிச் சால்வை போர்த்தின. அந்தச் சால்வையோடே அடுத்த தெருவுக்குப் போனாள்.

ஊரெல்லாம் அவர் வேகம் வந்தபிறகு நலவாயிலுக்கு அவர் எதற்கு? பாதிச் சம்பளத்துக்கே பழகிய கைகள் கிடைத்தன. ஞானதிரவியத்துக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவருடைய ஜன்னலைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் முப்பிடாதி. வேலையில் அவள் சூரப்புலி. நிறைய விண்ணப்பங்கள் நிராகரிப்பில் போயின. ஏதோ குறை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அவள் காத்திருந்தது ஒரே ஓர் ஆளுக்கு.

ஒரு நண்பகலில் அவர் வந்தார்.

"அம்மா, எங்க வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது. உயிர்வண்டி வேணும்."

"பலகையில போடுங்க சார். வாயால சொன்னா ஏறாது."

அவர் விரல்களைப் பலகையில் வைத்தார். எதை எங்கே தொடுவதென்று தெரியாமல் அவை குழம்பி நின்றன. "எல்லாம் மறந்துபோச்சும்மா. நீங்க போட்டுத் தாங்க," என்று அழுதார்.

"சுடலைக்கண்ணுன்னு ஒருத்தரு. அவரு பொண்டாட்டி இதே ஜன்னல்ல ஒம்ம கால்ல விழுதேன்னா. நெனப்பிருக்கா?"

"எத்தனையோ பேரு வருவாவ. நெனப்பில்லையே, தாயி."

அவர் அழுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் மூச்சுக்கு ஏங்கிக் கிடப்பவள் என்ன பாவம் செய்தாள்? முப்பிடாதி தானே விண்ணப்பத்தை நிரப்பினாள். 'ஏற்பு'க்குக் கையைக் கொண்டுபோனாள்.

சுண்டுவிரல் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டியது. ஆட்காட்டி விரல் 'நிராகரி'யை அழுத்திவிட்டது.

"ஐயோ, நான் அமுக்கலையே!"

ஞானதிரவியம் அந்தச் சுண்டுவிரலையே பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அது அவருடைய வழக்கம்.

ஒரு ஜன்னலில் தள்ளியதை அங்கேயே திரும்பத் திறக்க முடியாது. "பக்கத்து ஜன்னலுக்கு ஓடுங்க சார்! மிக்கேல் இருக்கான், போட்டுத் தருவான்!" என்று கத்தினாள். அவர் ஓடினார். மிக்கேல் இளகிய மனசுக்காரன். அவளே உப்பளத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்தவன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிக்கேல் பரிவோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சுண்டுவிரல் இரண்டு தட்டுத் தட்டியது.