நடுவில் நின்ற புல்

ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த புழுதியில் பூனைக் காலடிகள் இருந்தன. அதில் ஆச்சரியமில்லை, பால்பண்ணையை ஒட்டிய வீட்டுக்குப் பூனை வராமல் யானையா வரும். ஆனால் அவன் குனிந்து பார்த்தபோது, தடங்கள் மூன்று மூன்றாகத்தான் விழுந்திருந்தன. முன்னங்கால் ஒன்று பதியவேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கீறல் மட்டும் இருந்தது. அவன் தோளில் கிடந்த துண்டால் அவசரமாகத் துடைத்தான்.

"யாருங்க அங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"யாருமில்ல. தூசி."

சில நாட்களாகத்தான் அவள் மறுபடி வாயைத் திறந்து பேசுகிறாள், அதுவே பெரிய விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தவள், சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். பிறந்த குழந்தை அழவே இல்லை. "முகத்தப் பாக்காதீங்க, அப்புறம் மறக்க முடியாது" என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு இருவருமே பார்க்கவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை அவன் வாங்கிவந்து, பண்ணையின் புல்வயலுக்கு அப்பால் மரங்கள் தொடங்கும் இடத்தில் புதைத்தான். அன்றோடு அவள் பேச்சு நின்றது, சாப்பாடு நின்றது. பால் மட்டும் நிற்கவில்லை. யாருக்கென்று தெரியாமல் சுரந்து அவள் சட்டையை நனைத்துக்கொண்டே இருந்தது.

பண்ணையில் அவனுக்கு 'நிதானம்' என்று பெயர். மாடுகளுக்குப் புல் வெட்டும் டிராக்டர் அவன் பொறுப்பு. வயலின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டு வருவான். புல்லுக்குள் கிடக்கும் முயலும் காடையும் ஓரமாக ஓடித் தப்பித்துக்கொள்ளும். அப்படி வெட்டினால் நேரம் பிடிக்கும். "வண்டிய ஓட்டச் சொன்னா தாலாட்டுறான்" என்று பால் கறப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், வீட்டில் தனியாகக் கிடக்கிறாளே என்ற பதைப்பில், ஒரே ஒரு நாள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டினான். கடைசியில் நடுவில் ஒரு துண்டுப் புல் மட்டும் நின்றது. வயலில் இருந்த உயிரெல்லாம் அதற்குள்தான் ஒதுங்கியிருக்கும் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் வண்டியை விட்டான்.

பிளேடில் ஏதோ சிக்கியது. இறங்கிப் பார்த்தால் காட்டுப்பூனை. சாம்பலும் மஞ்சளும் கலந்த உடம்பு, காது நுனியில் கறுப்பு மயிர், வாலில் கறுப்பு வளையங்கள். முன்னங்கால் ஒன்று அறுந்து, செத்துக் கிடந்தது. ஓடியிருக்கலாம், அது ஓடவில்லை. அதன் வயிற்றுக்கு அடியில் அப்போதுதான் கண் திறந்த ஒரு குட்டி உயிரோடு இருந்தது.

தாயைப் புதைக்க வேறு இடம் தேட அவனுக்குத் தெம்பில்லை. தன் குழந்தைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினான். குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"புல்லுக்குள்ள தனியா கெடந்துச்சு. தாய் விட்டுட்டுப் போயிடுச்சு போல."

அவள் திரும்பினாள். எழுந்து உட்கார்ந்தாள். தன் பாலையே ஒரு மூடியில் பீய்ச்சி, விரலில் தொட்டு அதன் வாயில் வைத்தாள். குட்டி சப்பியது.

"எப்படிங்க விட்டுட்டுப் போவா?" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. ஒரு பொய் அவளை அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாள், அந்த முறை எழுந்திருக்கமாட்டாள் என்று அவன் உறுதியாக நம்பினான்.

மாலைகளில் அந்தச் சத்தம் தொடங்கியது. பண்ணை மோட்டார்கள் ஓய்ந்து, வெட்டிய புல்லின் வாசனையும் சாணத்தின் வெதுவெதுப்பும் காற்றில் கலந்து, வெளிச்சம் வயலிலிருந்து வடிந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில், மரங்களின் பக்கமிருந்து அடித்தொண்டையில் ஒரு கூப்பிடல் வரும். வீட்டுப் பூனையின் குரலில்லை அது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி கேட்கும் குரல். குட்டி காதை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் நகரும். அவன் போய் ஜன்னலைச் சாத்துவான்.

"தாய்ங்க. பிள்ளையக் கூப்பிடுறா" என்பாள் அவள்.

"வேற ஏதாவது பூனையா இருக்கும்."

பசுக்களைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் ஒருநாள் குட்டியைக் கண்டு நின்றார். "இது காட்டுப்பூனையாச்சே. வளந்தா உங்ககிட்ட நிக்காது. தாய் உயிரோட இருந்தா தேடிக்கிட்டே வரும். முதல்ல இரை கொண்டாந்து வைக்கும், உயிரோடவே, குட்டி பிடிச்சுப் பழகணும்ல? அப்புறம் ஒருநாள் பிடரியக் கவ்வித் தூக்கிட்டுப் போயிடும்."

"தாய் செத்திருந்தா?" என்று அவன் கேட்டான்.

"செத்தது எப்படிப்பா வரும்?" என்று சிரித்துவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் விடியலில் ஜன்னல் விளிம்பில் ஒரு எலி கிடந்தது. உயிரோடு இருந்தது, பின்னங்கால்கள்தான் அசையவில்லை. அடுத்து ஒரு காடை, சிறகு ஒடிந்து, மூச்சு மட்டும் ஏறி இறங்கியபடி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஈர மண் உதிர்ந்திருந்தது. மூன்று கால் தடம். ஒரு கீறல். அவள் எழுவதற்குள் எல்லாவற்றையும் அள்ளி எறிந்தான். கையை எத்தனை முறை கழுவியும் மண் வாடை போகவில்லை.

அன்று வேலை முடிந்ததும் மரங்களின் பக்கம் போனான். பூனையின் குழி திறந்திருந்தது. நரி தோண்டியிருந்தால் மண் ஒரு பக்கமாக இறைந்து கிடக்கும். இங்கே மண் சுற்றிலும் விளிம்பு கட்டி உயர்ந்திருந்தது. உள்ளிருந்து முட்டித் தள்ளியதுபோல. பக்கத்துக் குழிமேடு அவன் மூடியபடியே இருந்தது. அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதான். பயத்தில் அழுதானா துக்கத்திலா என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டில் அவள் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "குடுத்துடலாங்க. என்னால முடியல. பிள்ளையக் காணாம அவ படுற பாடு எனக்குத் தெரியாதா?"

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "நீ மறுபடி படுத்துடுவ" என்று மட்டும் சொன்னான். அதுவும் உண்மைதான்.

அடுத்த நாள் ஒரு பசு கன்று போடத் திணறியது. அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கயிறு போட்டு இழுத்து, கன்று நழுவி வைக்கோலில் விழுந்து, அது தலையை உதறிக் கத்தியபோது எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்போதுதான் வெளியே வெளிச்சம் வடிந்துவிட்டதைப் பார்த்தான். கூப்பிடல் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இல்லை. அன்று கேட்கவே இல்லை.

ஓடினான்.

கதவு திறந்து கிடந்தது. விளக்கு இல்லை. வாசலில் மண். நடைவழியில் மண். எதையோ இழுத்துவந்த தடம். அதன் இரு பக்கமும் காலடிகள். மூன்று. கீறல். மூன்று. கீறல்.

"வெளக்கு போடாதீங்க" என்று அவள் குரல் மெதுவாக வந்தது. "கண்ணு கூசும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பண்ணை விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக அவள் தோளில் மட்டும் விழுந்திருந்தது. மடி இருட்டாக இருந்தது.

"குட்டி எங்க?"

"குடுத்துட்டேங்க. கதவத் தெறந்து வெச்சேன், வந்தா. பாவம், மூணு கால்லதான் நடக்குறா. பிடரியக் கவ்வித் தூக்கிட்டுப் போனா." அவள் குரலில் அவன் மறந்தே போயிருந்த சந்தோஷம் இருந்தது. "அப்புறம் அவளே திரும்பி வந்தா. சும்மா வரல."

அவன் நகரவில்லை. மண் வாடை. ஈர மண். அதன் அடியில் பாலின் புளித்த வாடை.

"நான் இன்னும் நல்லாப் பாக்கலங்க. நீங்க வரட்டும், ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்னு இருந்தேன். வாங்குங்க. யாரு சாடைன்னு சொல்லுங்க."

கத்தவேண்டும் என்று தோன்றியது. வெளியே ஓடவேண்டும் என்று தோன்றியது. அவள் கைகள் நீண்டிருந்தன. அந்தக் கைகளைத் தட்டிவிட அவனால் முடியவில்லை. வாங்கினான்.

சில்லென்று இருந்தது. கனமாக இருந்தது. பிடரியில் அவன் விரல் பட்ட இடத்தில் நான்கு சின்னப் பள்ளங்கள், கவ்விய பல் அளவுக்கு. வெளிச்சத்துக்குத் திருப்பினான். அவள் மூக்கு. அவள் நெற்றி. பார்க்காமல் புதைத்த முகம்.

"உன் சாடைதாம்மா" என்றான்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் கையில் இருந்தது மெல்ல அசைந்து, அவன் மார்பில் முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்துத் தேடி, வாயைத் திறந்தது. உள்ளே தொண்டை வரைக்கும் மண்.

"பசி வந்துடுச்சு, குடுங்க" என்று அவள் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள்.