பத்து நாள் மருந்து

டாக்டர் ரத்தினவேல் ஒரு காலிப் புட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்கே நல்லதம்பியின் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்லதம்பி சமஸ்தானக் காலத்துப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். ஓய்வுபெற்று ஒன்பது வருஷமாகியும், குளத்தூர்ப் பக்கம் ஒரு சிக்கல் என்றால் ஜனங்கள் அவரைத்தான் தேடினார்கள்.

"கொலை முயற்சிங்க" என்றார் டாக்டர். தன் குரலில் இருந்த உற்சாகத்தை அவர் கவனிக்கவில்லை.

விஷயம் இதுதான். விவசாயி பழனிச்சாமிக்கு இருதயம் பலவீனம். தினம் மூன்று வேளை, வேளைக்கு ஒரு கரண்டி என்று பத்து நாளைக்கு டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். ஏழாம் நாள், அதாவது நேற்று, நாடி நாற்பதுக்கு இறங்கி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று முனகிய ஆளை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். புட்டி அதற்குள் காலி. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் மருந்தைக் கையாண்டவள் அவர் மனைவி செவந்தி ஒருத்திதான். அண்ணிதான் கொல்லப் பார்த்தாள் என்று தம்பி நாகராசு ஊரைக் கூட்டிவிட்டான். மத்தியானம் அவளைப் போலீசில் ஒப்படைப்பதாகப் பேச்சு.

பழனிச்சாமி வீட்டில் டாக்டர் ஓர் இடம் விடாமல் துருவினார். பானைகளை மோந்து பார்த்தார், கொல்லையில் அரளிச்செடி தேடினார். நல்லதம்பியோ அடுப்படிச் சுவரில் கரியால் போட்டிருந்த கோடுகளுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

அது பால்காரி போட்ட கணக்கு என்று டாக்டர் ஒதுக்கித் தள்ளினார். நல்லதம்பி தொழுவத்துப் பக்கம் போய், கன்றோடு நின்ற பசுவைப் பார்த்துவிட்டு வந்தார். கோடுகளை எண்ணினார். புருஷன் எந்தெந்த நேரம் என்னென்ன சாப்பிடுவார் என்று செவந்தியிடம் விசாரித்தார். அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

பிறகு வாசலில் கூடியிருந்தவர்கள் முன்னால் வந்து நின்றார்.

"கறவை மாடு நிக்கிற வீட்டுல பாலு வாங்குவாங்களா, டாக்டர்? அது மருந்துக் கோடு. ஒரு கரண்டிக்கு ஒண்ணு. அஞ்சஞ்சா ஆறு நாளைக்கு முப்பது கரண்டி, உங்க பத்து நாள் மருந்து. விஷம் வைக்கிறவ செவத்துல கணக்கு வைப்பாளா?"

"மூணு வேளைன்னு புட்டியில எழுதியிருக்கேனே" என்றார் டாக்டர்.

"இங்கிலீசுல. இந்தப் பொண்ணுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. வாயால என்ன சொன்னீங்க?"

மருந்து கொடுத்த அன்று வரிசையில் நாற்பது பேர். 'சாப்பிட்டதும் ஒரு கரண்டி கொடு' என்று நிமிராமலே சொன்னது டாக்டருக்கு நினைவு வந்தது. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தார்.

"நீங்க மூணு வேளை சாப்பிடுறவங்க. இங்கிட்டு விடியல்ல நீராகாரம், வெயிலேறக் கஞ்சி, உச்சியில சோறு, பொழுது சாயக் கூழு, ராத்திரி சோறு. வேலைக்குப் போகாட்டியும் வயிறு அதே நேரத்துக்குக் கேக்கும். இந்தப் பொண்ணு ஒரு வேளையும் தவறவிடலை."

நாகராசு துண்டைத் தோளிலிருந்து எடுத்தவன், எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. நேற்றிலிருந்து ஊரெல்லாம் விசாரித்தவர், எத்தனை கரண்டி கொடுத்தாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதாததற்கு அவளைக் கொலைகாரியாகவும் ஆக்கிவிட்டார்.

செவந்தி கைகூப்பினாள். "நாந்தாங்க தப்பாக் கொடுத்துப்புட்டேன். படிக்காத களுதை. மன்னிச்சுக்கங்க."

அந்த வார்த்தையைத்தான் டாக்டரால் தாங்க முடியவில்லை.

"நீங்க நான் சொன்னபடிதான் கொடுத்தீங்க. தப்பு என்னுது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அன்னைக்கு என்கிட்ட ஏதோ கேக்க வந்தீங்களே, என்னம்மா அது?"

செவந்தி கூப்பிய கையை இறக்கினாள்.

"கூழு குடிச்சாலும் கொடுக்கணுமான்னு கேக்க வந்தேங்க."