காலி சீட்டின் பாரம்

முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேல் வண்டி இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. மெக்கானிக் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடிதான் சிம்ரா ஸ்பிரிங்குகளை மாட்டியிருந்தாள். ஆனாலும் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டு, ஜாக்கை எடுத்துவிட்டு, பிரேக் ஆயிலின் நெடியும் பழைய சீட் பஞ்சின் ஈர வாடையும் கலந்த ஷெட்டில் மண்டியிட்டு, மாம்பலம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரயிலின் அதிர்வு அடங்கும்வரை காத்திருந்து மறுபடி அளந்தாள்.

இப்போதும் இடது பக்கம்தான். அதே அளவு.

வண்டி என்றால் இன்னும் இரும்புக் குழாய்ச் சட்டமும் சக்கரங்களும் நாலு சீட்டும்தான். சீட்டுகளும் ஸ்பிரிங்குகளும் விபத்தில் நசுங்கிய ஒரே காரிலிருந்து கழற்றி வாங்கியவை.

"இன்னாக்கா, டெய்லர் மாதிரி அளந்துகினே கீறே?" தம்பி சஃப்வான் சிரித்தான். "பிரேக் ஒழுகுதான்னு பாத்துட்டா வேலை முடிஞ்சுது. நான் அடியில போறேன்."

"வண்டியத் தாங்க ஸ்டாண்டு வைக்கிறேன், இருடா."

"சக்கரந்தான் தரையில நிக்குதே. ஸ்டாண்டு எதுக்கு?"

அதுவும் சரிதானே என்று தோன்றியது. தன் பயத்தை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அவன் மல்லாந்து உள்ளே நகர்ந்தான். சட்டத்துக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவே நாலு விரல் இடம்.

பின்பக்கம் இடது ஸ்பிரிங் முனகியது. யாரோ ஏறி, நகர்ந்து, வசதியாக உட்கார்வது போல.

"அக்கா, வண்டில உக்காராதே."

"நான் உக்காரலடா. வெளிய வா."

பின்பக்கம், வலது. முனகல். சீட் பஞ்சு குழிந்தது. மேலே யாரும் இல்லை.

"யாரையெல்லாம் ஏத்திக்கினு கீறே? நெஞ்சுல இடிக்குதுக்கா." குரலில் சிரிப்பு இல்லை.

கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. ஜாக்கை எடுத்தாள். நுழைக்க இடமில்லை.

முன்பக்கம் இடது சீட்டோடு சேர்த்து மூன்று சீட்டுகள் குழிந்திருந்தன. டிரைவர் சீட் மட்டும் காலி.

வண்டியைத் தள்ளினாள். முழு பலத்தோடு. சக்கரம் அசைந்தது.

பிரேக் பெடல் உள்ளே போனது.

அவள் மாட்டிய பிரேக். நாலு சக்கரத்தையும் ஒருசேரப் பிடித்தது. ஒரு பிசகும் இல்லை.

"அக்கா..."

டிரைவர் சீட்டின் பஞ்சு மெல்ல அமுங்கத் தொடங்கியது.