நூல் இல்லாத மழைக்கோடு

மாலை ஐந்தேகாலுக்கு அவன் தன் குடையைக் குப்பைத்தொட்டியில் செருகினான். காற்று இரண்டு கம்பிகளை ஒடித்திருந்தது. பேருந்து நிறுத்தத்துக் கூரைக்கடியில் நின்று அவன் முகத்தைத் துடைப்பதற்குள், ஒருத்தி அதை வெளியே இழுத்துவிட்டாள்.

“ஹலோ... அது என் குடை.”

“தூக்கிப் போட்டீங்கல்ல? அப்புறம் என்ன உங்க குடை?”

“ஒடஞ்சதுங்க. பிடிச்சாலும் நனைவீங்க.”

“பிடிக்க இல்ல. வெட்ட.”

கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் ஓரடி பின்வாங்கினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளும் அக்காவும் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தார்கள். ஊரார் ஜன்னலுக்கே தைத்துக்கொண்டிருந்தவள், முதல் முறையாக ஒரு குவில்ட் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். மேலே துண்டுத் துணிகளால் ஒரு படம், நடுவில் வெள்ளைப் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து நூலகக் கூடத்தில் மாட்ட வேண்டும். தலைப்பு, மழை. கடையில் இருந்ததெல்லாம் பூப்போட்ட துணி. வானம் மட்டும் கிடைக்கவில்லை... இந்தக் கறுப்புக் குடையைப் பார்க்கும்வரை.

அவன் கம்பிகளைப் பிடித்துக்கொண்டான். அவள் வெட்டினாள். பேருந்து வந்தது, போனது.

“ஊசி கோக்குறப்போ இடது கண்ணச் சுருக்குவீங்களா?”

“எப்படித் தெரியும்?”

“இப்பவே சுருக்குறீங்க. அடுத்த தெருவுல கண்ணாடிக் கடை என்னுதுதான். வாங்க, பார்த்துடலாம்.”

“குடைய எடுத்ததுக்குக் கண்ணாடிய என் தலையில கட்டப் பாக்குறீங்களா?”

அவன் இமைகளில் மழைத்துளி தங்கியிருந்தது. நாளெல்லாம் பிறர் கண்களைப் பார்த்துப் பழகியவன், கூச்சமில்லாமல் பார்த்தான். தலை குனிந்தது அவள்தான்.

அதன்பின் அவன் மாலைகளில் கடைக்கு வரத் தொடங்கினான். வந்தால் தரையில் கிடக்கும் குண்டூசிகளைப் பொறுக்குவான்.

“அந்தாளு வீட்டுல ஜன்னலே இல்லையாம். தினம் வர்றாரு, ஒரு முழம் திரை வாங்கல” என்றாள் அக்கா. தங்கை துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவள் யாரோ வீட்டு ஜன்னலை அளந்துவிட்டுத் திரும்பியபோது, கறுப்பு வானத்தில் நீல நூலில் ஒரு கோடு சாய்வாக இறங்கியிருந்தது. தடித்த ஊசி. கோணல் தையல். அவன் பக்கத்தில் நின்றான். விரலில் ரத்தம்.

“ஒரே ஒரு மழை... நான் போட்டேன்.”

“உங்களக் கேட்டேனா?”

“இல்ல... சும்மா, ஒரு ஆசைல...”

“ஒருத்தர் கைதான் படணும். அதுதான் போட்டியோட விதி. உங்களுக்கு எல்லாம் விளையாட்டு.”

அவன் பார்க்கப் பார்க்கப் பிரித்தாள். ஒவ்வொரு தையலாக. பாதியில் நிறுத்தியிருக்கலாம். விதியை அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். நூல் முழுதும் கையோடு வந்தது.

“சரிங்க” என்றான் அவன்.

பிறகு வரவில்லை.

“நீதான் போயேன்டி. கால ஆணி அடிச்சா வச்சிருக்கு?” என்றாள் அக்கா.

“அவருக்கு வரத் தெரியாதா?”

பருத்தித் துணியாக இருந்தால் தண்ணீரில் நனைத்து நகத்தால் தேய்த்தால் போதும், ஊசித் துளை மூடிக்கொள்ளும். குடைத் துணி மூடவில்லை. நனைத்தாள், தேய்த்தாள். வேறு வானம் கிடையாது. அப்படியே பஞ்சின் மேல் வைத்துத் தைத்தாள். நாளாக ஆக, வெறும் துளைகள் வழியே பஞ்சு வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

நூலகக் கூடத்தில் நடுவர் அம்மா அந்தத் துளைகளுக்கு முன்னால்தான் நின்றார்.

“மத்த மழையெல்லாம் தைச்சிருக்க. இது மட்டும் பெஞ்ச மாதிரி இருக்கு. நூலே இல்லாம எப்படிம்மா?”

“இருந்துச்சு. பிரிச்சுட்டேன்.”

“ஏன்?”

பரிசு வேறொருத்திக்குப் போனது. அவள் குவில்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

கண்ணாடிக் கடையில் அலமாரிகள் காலியாக இருந்தன. தரையெங்கும் கட்டிய பெட்டிகள்.

“வேற ஊர்ல கடை பாத்துட்டேன். காலைல கிளம்புறேன்” என்றான். பிறகு, “கண்ணு காட்டவா வந்தீங்க?”

ஆமென்று தலையாட்டினாள். பேச அதுதான் வழியாகத் தெரிந்தது. அவன் ஒரு பெட்டியைப் பிரித்துச் கண் சோதனைச் சட்டத்தை எடுத்து அவள் காதுகளில் மாட்டினான். விரல் படாமல் மாட்டினான். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டான்.

“இது தெளிவா... இதுவா?”

எழுத்துப் பலகைக்கு முன்னால் அவன் முகம் இருந்தது. இளைத்திருந்தது. இத்தனை நாள் கலங்கலாகவே பார்த்திருக்கிறாள்.

“இது.”

மடியில் சுருட்டி வைத்திருந்ததை விரித்தாள். அவன் விரல் அந்த வெள்ளைப் புள்ளிகளின் மேல் போய் நின்றது.

“துளை மூடல. நான் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். நீங்க வராத ஒவ்வொரு நாளும் பாத்தேன்...” கைப்பையிலிருந்து நீல நூலையும் தடித்த ஊசியையும் எடுத்து நீட்டினாள். “போட்டி முடிஞ்சிடுச்சு. இனிமே இதுல உங்க கையும் படலாம். எனக்கு அது வேணும்... போட்டுத் தர்றீங்களா?”