பால் நேரத்துப் பாட்டு

அன்றைக்கு ஜீவராணிக்குப் பால் இறங்கவில்லை.

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற கைப்பிள்ளைக்காரிகளுக்குக் கடிகாரம் தேவைப்படாது. கீழே பள்ளத்தில், ஆற்றோரத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் அவர்கள் மேலே ஏறுகிறார்கள். வாசல் பலகையில் இப்போது 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். டயகமப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பால் நேரம் நெருங்கினால் அங்கே ஒரு பிள்ளை அழும், அதைக் கேட்டு இன்னொன்று அழும், காற்று அந்த அழுகையை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு வரும். எத்தனை பிள்ளைகள் சேர்ந்து அழுதாலும் தன் பிள்ளை எது என்று தாய்க்காரிக்குத் தெரியும். காதுக்கு முன்னால் மார்புக்குத் தெரிந்து ரவிக்கை நனைந்துவிடும். ஜீவராணியின் மகள் தனுஷிகா முதலில் மூச்சை இழுத்துப் பிடிப்பாள், பிறகுதான் குரலை விடுவாள். அந்த முதல் குரலிலேயே ஜீவராணியின் கை கொழுந்தை விட்டுவிடும்.

அன்றைக்கும் காற்று வந்தது. தேயிலை வாட்டுகிற வாசமும் ஆற்றின் இரைச்சலும் அதோடு வந்தன. அழுகை மட்டும் வரவில்லை.

"என்னாடி, கீழயே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் பக்கத்து நிரையில் நின்ற அழகம்மா.

"புள்ளைங்க சத்தமே இல்லியேக்கா."

"அழுதாலும் கொறை, அழாட்டியும் கொறையா? நாகலெட்சுமி நல்லா பாத்துக்கிறா. கொழுந்த எடு."

நாகலெட்சுமி பிள்ளைக்காம்பரா ஆயா. மூன்று பிள்ளையை ஒரே இடுப்பில் சுமக்கக்கூடியவள் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். ஆனால் இத்தனை பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் வாயடைக்க வைக்க எந்த ஆயாவாலும் முடியாது. மருந்து கொடுக்கிறாளோ? சளிக்குக் கொடுக்கிற அந்தச் சிவப்புத் தண்ணி மருந்தை ஒரு மூடி கூடுதலாக ஊற்றினால் பிள்ளை செத்தது போலத் தூங்கும். அப்படிச் செய்கிற ஆயாமாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டால் ஜீவராணியிடம் இருந்து அதைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமில்லை.

பால் நேரத்துக்கு இறங்கினபோது வாய் திறக்கவில்லை, மூக்கைத்தான் உபயோகித்தாள். தனுஷிகாவைச் சேலைத் தொட்டிலில் இருந்து தூக்கும் சாக்கில் வாயருகே முகர்ந்து பார்த்தாள். மருந்து வாடை இல்லை. பிள்ளை தூங்கவும் இல்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்துத் தொட்டிலிலும் அப்படித்தான், அதற்கடுத்த தொட்டிலிலும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் பக்கமே தலையைத் திருப்பியிருந்தார்கள்.

ஜன்னல் கட்டையில் ஒரு கறுத்த ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. முன்பக்கம் வலை, ஓரத்தில் நீல லைட், பின்னால் சுவருக்கு ஓடுகிற வயர். அதிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது. சொல் இல்லை, ராகம் இல்லை. அடியில் தும் தும் என்று ஒரு தட்டல், அதன்மேல் சல்லடையில் தேயிலைத் தூள் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு, அதற்கும் மேலே நீளமாக இழுபடுகிற ஏதோ ஒன்று. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது முதலில் இருந்து வரும், வரும்போது முன்பு இல்லாத ஒரு சின்னப் பிசிறைக் கூட்டிக்கொண்டு வரும்.

"என் தம்பி தர்ஷன் கம்ப்யூட்டர்ல செஞ்ச மியூசிக்கு" என்றாள் நாகலெட்சுமி பெருமையாக. தர்ஷன் ஹட்டனில் ஒரு சவுண்ட் சர்வீசில் வேலை செய்கிறவன். "போன லீவுக்கு வந்தப்ப பெட்டியவும் வச்சிட்டுப் போனான். வயர் குடுத்தாத்தான் பாடும், உள்ள பேட்டரி கெடையாது. இத போட்டா புள்ளைங்க கப்சிப்."

அழகம்மா கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு ஃபெக்டரியில ரோலர் ஓட்டுனப்ப வெளிய சோத்தோட நிப்பேன். அந்தச் சத்தம் மாதிரியே இருக்கு. சொகமா தூக்கம் வருது."

"எனக்குப் பல்லு கூசுது" என்று வேலாயி தன் மகனை அள்ளிக்கொண்டு, வெளியே தூறிக்கொண்டிருந்த மழையிலேயே போய்ப் பால் கொடுத்தாள். மறுநாளிலிருந்து அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். எட்டிப்பார்த்த பழனியாண்டி கங்காணியோ குடைக்கம்பால் தரையில் தாளம் போட்டார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான் பய. திருவிழாவுக்குப் போடலாம்" என்று சிரித்தார். பொம்பளைகள் நேரத்துக்கு முன்னால் மலையை விட்டு இறங்காததில் அவருக்குத் தனிச் சந்தோஷம். நாகலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு இத கேட்டா அழுகையா வரும். ஆனா நிறுத்தத் தோணாது."

ஒரே சத்தத்துக்கு ஆளுக்கொரு மனது. ஜீவராணிக்கு மட்டும் கை மயிர் குத்திட்டு நின்றது. அந்தத் தட்டலுக்கும் கரகரப்புக்கும் கீழே, வெகு ஆழத்தில், யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது அவளுக்குக் கேட்டது.

யாரிடம் சொல்வது? கொழும்பில் கடை வேலை பார்க்கும் புருஷனுக்குப் போன் போட்டாள். "பச்ச ஒடம்பு, சரியா தூங்கு" என்றான் அவன். அழாத பிள்ளையைப் பற்றி அழுது புலம்பினால் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள்.

ஆனால் பிள்ளை வீட்டிலும் அழவில்லை. பசித்தாலும் இல்லை, நனைந்தாலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாலை வேண்டுமென்றே தள்ளிப்போட்டாள். தனுஷிகாவின் முகம் சிவந்தது. உதடு பிதுங்கியது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். வாய் அகலமாகத் திறந்தது, கண்ணீர் காதுவரை வழிந்தது, தொண்டை நடுங்கியது. சத்தம் வரவில்லை. ஜீவராணி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிள்ளைக்கும் சேர்த்துத் தானே கதறினாள். தோட்டத்து டாக்டர் ஐயா லைட் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் பிள்ளை ஒரு தரம், ஒரே ஒரு தரம், வாய்விட்டு அழ வேண்டும்.

திங்கட்கிழமை மத்தியானமே மிஸ்ட் என்கிற பனிமூட்டம் இறங்கிவிட்டது. பக்கத்துச் செடி தெரியவில்லை. பேச்சும் இருமலும் பஞ்சில் சுற்றினது போல அமுங்கிக் கேட்டன. ஜீவராணி கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏ புள்ள! பாதியில போனா அரப்பேருதான் போடுவேன், சொல்லிட்டேன்!" என்று கங்காணியின் குரல் எங்கிருந்தோ வந்தது. பாதிநாள் கூலி போனால் போகட்டும் என்று அவள் படிக்கட்டில் இறங்கினாள். இறங்க இறங்க ஆற்றிரைச்சல் குறைந்து, தும் தும் என்ற தட்டல் கூடியது. அது காலடிக்குச் சரியாக விழுந்தது. அவள் வேண்டுமென்றே நின்றாள். அதுவும் நின்றது போல இருந்தது.

காம்பராவில் பால் மாவும் ஈரத் துணியும் மணத்தன. நாகலெட்சுமி பாயில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் முழுக்க ஈரம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்க தம்பி இதுல என்னத்தப் போட்டு செஞ்சாரு? உண்மைய சொல்லுங்க."

"என்னத்தப் போட்டான்... இங்கின உள்ளதத்தான். தகரத்துல மழ பெய்யிற சத்தம், ஃபெக்டரி சத்தம்..." நாகலெட்சுமி பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் முந்துன லீவுல, பால் நேரத்துல செல்போன அந்தா, அந்த உத்தரத்துல தொங்கவுட்டு, புள்ளைங்க அழுகைய புடிச்சான். அதத்தான் இழுத்து இழுத்து வுட்டிருக்கான். கேட்டா அழுகைன்னே தெரியாது, இல்ல?"

ஜீவராணி ஒரு கையில் தனுஷிகாவைத் தூக்கினாள். மறு கையில் பெட்டியைப் பிடித்து வயரோடு பிடுங்கினாள்.

நீல லைட் அணைந்தது.

தட்டல் இல்லை. கரகரப்பு இல்லை. நாகலெட்சுமி அப்படியே சுவரில் சாய்ந்தாள், சிரிப்பு மாறாமல். தகரத்தில் பனிநீர் சொட்டியது. ஆறு ஓடியது.

பிறகு ஒரு மூச்சு. இழுத்துப் பிடித்த மூச்சு.

ஜீவராணி பிள்ளையைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. கண்ணீர் வழிந்தது. சத்தம் இல்லை.

அழுகை பெட்டியில் இருந்து வந்தது.

இழுபட்ட அழுகை அல்ல. முழு அழுகை. பசி அழுகை. அவள் பிள்ளையின் அழுகை. இத்தனை நாள் காத்திருந்த அதே குரல். வயர் தரையில் கிடந்தது. லைட் இல்லை. பெட்டி மட்டும் உள்ளங்கையில் கதகதவென்று சுட்டது. காய்ச்சல்கார உடம்புச் சூடு.

மார்பு கடுத்தது. இரண்டு பக்கமும். பால் இறங்கியது.

"வேணாம்" என்றாள் சத்தமாக. யாரிடம் என்று தெரியவில்லை. பிள்ளையின் வாயில் மார்பைத் திணித்தாள். பிள்ளை குடிக்கவில்லை. பால் கன்னத்தில் வழிந்து கழுத்தில் ஓடியது. பெட்டி வீரிட்டது. மூச்சடைத்தது. மறுபடி வீரிட்டது. பசி. பசி. எந்தத் தாய் கேட்டுக்கொண்டு நிற்பாள்?

கீழே போட வேண்டும். ஆற்றில் எறிய வேண்டும். கையை விரிக்கப் பார்த்தாள். விரல் விரியவில்லை. கை மார்புக்கு மடங்கியது. மெதுவாக. பிள்ளையைத் தாங்குகிற விதமாக, பெட்டியின் தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து.

அழுகை நின்றது.

தொட்டில்களில் பிள்ளைகள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பியிருந்தார்கள். இடது கையில் தனுஷிகா திறந்த வாயை மூடாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது மார்பில், கறுத்த வலைக்குப் பின்னால், ஏதோ ஒன்று முதல் மிடறை விழுங்கியது.